பின்லாந்துப் பனி, ஜெனீவா ஏரி

ஜெனீவா: ...யோசிக்கக் கூடாது சார். நாட்டுப் பேரைச் சொன்னதும் மனசுல சட்டுன்னு என்ன வருதோ, அதை அப்படியே சொல்லணும். அவ்வளவுதான்.

பின்லாந்து: அவ்வளவுதானா? நான் ஏதோ பரீட்சைன்னு நெனச்சு உலக மேப்பையெல்லாம் எடுத்துப் பாத்து வெச்சிருக்கேன்.

ஜெனீவா: ஐயோ, இதுல சரி தப்புன்னு ஒண்ணுமே கிடையாது. அங்கங்க இருக்கிற நம்ம வயசுப் பசங்க மத்த நாடுகளைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிற கருத்துக்கணிப்பு சார் இது. உங்க வயசு?

பின்லாந்து: இருபத்தாறு.

ஜெனீவா: இப்போ வசிக்கிற நாடு?

பின்லாந்து: பின்லாந்து.

ஜெனீவா: அப்பாடா!

பின்லாந்து: என்ன மேடம்?

ஜெனீவா: இல்ல... நல்லதுன்னு சொன்னேன். பின்லாந்துல தமிழ் பேசுற ஒரு ஆள் கிடைக்காம இங்க எல்லாரும் அலையா அலைஞ்சிட்டோம்.

பின்லாந்து: 'இங்க'ன்னா? எங்கிருந்து பேசுறீங்க?

ஜெனீவா: ஜெனீவாவுல இருந்து சார். தலைமை அலுவலகம்.

பின்லாந்து: அடேங்கப்பா! ஏரிக்கரையில இருக்குமே, அந்த ஜெனீவாவா?

ஜெனீவா: அதேதான். ஜன்னலைத் திறந்தா ஏரிதான் சார்.

பின்லாந்து: கொடுத்து வெச்சவங்க.

ஜெனீவா: நீங்க மட்டும் என்னவாம்? உலகத்துலேயே சந்தோஷமான நாட்டுல இருக்கீங்க.

பின்லாந்து: ஆமா ஆமா. சந்தோஷம் தாங்க முடியல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உக்காந்திருக்கேன்னா பாத்துக்கங்க.

ஜெனீவா: ஒரு நிமிஷம் சார், ஒரு சுவிட்சைப் போட்டுட்டு ஓடி வந்துடறேன். வெச்சிடாதீங்க, ப்ளீஸ்.

பின்லாந்து: போயிட்டு வாங்க. நான் எங்க போகப்போறேன்.

ஜெனீவா: ...ஹலோ? இருக்கீங்களா?

பின்லாந்து: இருக்கேன். அது என்ன மேடம், ஏதோ உறுமுது?

ஜெனீவா: அது... சர்வர் சார். பெரிய சர்வர். எல்லா நாட்டுப் பதிலும் அதுலதான் ஏறும்.

பின்லாந்து: ஏறட்டும், ஏறட்டும். எங்க ஊர்ல தண்ணி மோட்டார் இப்படித்தான் உறுமும்.

ஜெனீவா: பின்லாந்துலயா?

பின்லாந்து: சேச்சே. இங்க தண்ணி தானா வரும். நான் சொன்னது பொறந்த ஊரை.

ஜெனீவா: சரி, ஆரம்பிக்கலாமா? ஜப்பான்.

பின்லாந்து: கூச்சம்.

ஜெனீவா: கூச்சமா? அவங்களுக்கா?

பின்லாந்து: எனக்கு. ரயில் லேட்டா வந்தா அங்க மன்னிப்புக் கேப்பாங்களாமே. என்கிட்ட யாராவது மன்னிப்புக் கேட்டா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பழக்கமில்ல பாருங்க.

ஜெனீவா: பிரேசில்.

பின்லாந்து: ஞாயித்துக்கிழமை.

ஜெனீவா: புரியல சார்.

பின்லாந்து: அந்த நாட்டுல ஒருத்தர் ஆபீஸ் போற மாதிரி ஒரு வீடியோகூட நான் பாத்ததில்ல மேடம். ஒண்ணு ஆடுறாங்க, இல்ல பந்து உதைக்கிறாங்க.

ஜெனீவா: அங்கயும் யாராவது பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்கல்ல?

பின்லாந்து: நிப்பாங்க, யார் இல்லேன்னா? அதை எவன் வீடியோ எடுத்துப் போடுறான்!

ஜெனீவா: ஆஸ்திரேலியா.

பின்லாந்து: பாம்பு.

ஜெனீவா: நேர்ல பாத்திருக்கீங்களா?

பின்லாந்து: பாம்பை நிறையப் பாத்திருக்கேன். ஆஸ்திரேலியாவைத்தான் பாக்கல.

ஜெனீவா: ஹ... மன்னிக்கணும். நாங்க சிரிக்கக் கூடாது. கனடா.

பின்லாந்து: என் கிளாஸ் பசங்க.

ஜெனீவா: சார், நான் நாட்டைக் கேட்டேன்.

பின்லாந்து: நாட்டைத்தான் சொல்றேன். காலேஜ் குரூப்ல பாதிப் பேர் அங்கதான். எல்லாரும் ஒரே மாதிரி ஜாக்கெட்டு, ஒரே மாதிரி சாஞ்சுக்கிட்டு, ஒரு நீலக் கார் பக்கத்துல நின்னு போட்டோ போடுறாங்க. அந்தக் கார் யாரோடதுன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். கார்க்காரன் வந்து துரத்துற வரைக்கும் வரிசையா நின்னு எடுத்துப்பாங்க போல.

ஜெனீவா: அமெரிக்கா.

பின்லாந்து: கண்ணாடி.

ஜெனீவா: உயரமான கட்டிடங்க, கண்ணாடிச் சுவரு... அதுவா?

பின்லாந்து: இல்ல மேடம். கண்ணாடி ஜன்னல். அதுக்குப் பின்னாடி உக்காந்து, நம்ம மூஞ்சியைக்கூடப் பாக்காம பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளுவாங்களே... அது.

ஜெனீவா: ...ம். எனக்கும் அதான்.

பின்லாந்து: உங்களுக்கா? நீங்கதான் ஜெனீவாவுலயே இருக்கீங்களே!

ஜெனீவா: அது... வேற நாடு சார். ஜெனீவா வேற, அது வேற.

பின்லாந்து: அதுவும் சரிதான். மத்தவங்கல்லாம் என்ன மேடம் சொல்றாங்க? சொல்லலாமா, ரகசியமா?

ஜெனீவா: சொல்லக் கூடாதுதான்... ஆனா சிரிப்பா இருக்கும் சார். ஜப்பான்ல ஒரு பொண்ணு. கனடான்னு சொன்னதும் 'சொர்க்கம்'னா. அன்னிக்கே கனடாவுல ஒருத்தர், ஜப்பான்னதும் 'சொர்க்கம்'ங்கறார். ரெண்டு பேரையும் ஒரே லைன்ல போட்டுட்டு நாம நழுவிடலாமான்னு இருந்துச்சு.

பின்லாந்து: அவங்கவங்க இருக்கிற நாட்டைப் பத்திக் கேட்டா?

ஜெனீவா: 'வாடகை.'

பின்லாந்து: ரெண்டு பேருமா?

ஜெனீவா: எல்லாருமே சார். எந்தக் கண்டமா இருந்தாலும் அதே பதில்தான். பாக்காத நாடுன்னா மலை, கடல், மனசு, சுதந்திரம்னு அடுக்குவாங்க. இருக்கிற நாட்டைக் கேட்டா 'வாடகை'ம்பாங்க, ஒரு பெருமூச்சு விடுவாங்க. அந்தப் பெருமூச்சைக் குறிக்கிறதுக்குத்தான் இங்க இடம் இல்ல... அது என்ன சார் சத்தம்?

பின்லாந்து: எது?

ஜெனீவா: நாய் குரைக்குதே.

பின்லாந்து: ஓ, அதுவா. பனி நாய் மேடம். வண்டியெல்லாம் இழுக்கும். பெரிய சைஸு.

ஜெனீவா: குரலு ஒல்லியா இருக்கே...

பின்லாந்து: குளிர்ல தொண்டை கட்டியிருக்கும். ஆமா, உங்க பக்கமும் ஒண்ணு குரைக்குதே?

ஜெனீவா: அது... ஜெனீவா நாய்.

பின்லாந்து: ரெண்டும் ஒண்ணா நிறுத்திடுச்சு பாத்தீங்களா?

ஜெனீவா: நாய்க்கு ஏது சார் நாடு? நாமதான் பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு அலையறோம். ஆமா... எங்க லிங்க் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? இதுவும் கேள்வியில இருக்கு.

பின்லாந்து: ஒரு ஃப்ரெண்டு அனுப்பினான். 'டேய் பின்லாந்துக்காரா, உன்னைத்தான் தேடுறாங்க'ன்னு போட்டு, சிரிக்கிற பொம்மையா நெறைய வெச்சு.

ஜெனீவா: அவர் எங்க இருக்கார்?

பின்லாந்து: நடுக்கடல்ல. கப்பல்ல வேலை.

ஜெனீவா: ...கப்பல்லயா?

பின்லாந்து: ஏன் மேடம்?

ஜெனீவா: ஒண்ணும் இல்ல. எங்க பில்டிங்ல... எங்க ஜெனீவா பில்டிங்ல... கீழ் வீட்டுக்காரர் ஒருத்தர் கப்பல்லதான் இருக்கார். வீடு பூட்டியே கிடக்கு.

பின்லாந்து: அப்படியா! ஜெனீவாவுல இருந்து கப்பலுக்குப் போறவங்கள்லாம் இருக்காங்களா?

ஜெனீவா: ஏரி இருக்கே சார்.

பின்லாந்து: அதுவும் சரிதான். ஒரு செகண்ட் மேடம்... என்னோட இன்னொரு போன் அடிக்குது. கட் பண்ணிடறேன்.

ஜெனீவா: பேசிட்டு வாங்க, பரவால்ல.

பின்லாந்து: வேணாம், அம்மா. வீடியோ கால். இப்ப எடுக்க முடியாது, ஸ்வெட்டரைக் கழட்டி வெச்சிருக்கேன்.

ஜெனீவா: அந்தக் குளிர்ல ஸ்வெட்டரைக் கழட்டிட்டா?

பின்லாந்து: வீட்டுக்குள்ள ஹீட்டர் மேடம். சும்மா கொதிக்குது.

ஜெனீவா: சரி... அடுத்தது ஒரு சரிபார்ப்புக் கேள்வி. நீங்க அந்த நாட்டுலதான் இருக்கீங்களான்னு உறுதி பண்ணிக்க. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இப்போ ஜன்னலுக்கு வெளியில என்ன தெரியுது?

பின்லாந்து: பனி. வெள்ளை வெளேர்னு.

ஜெனீவா: ...சார், கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.

பின்லாந்து: யோசிக்கக் கூடாதுன்னீங்க?

ஜெனீவா: இதுக்கு யோசிக்கலாம். இந்த மாசம் அங்க பனியெல்லாம் உருகி, பச்சைப் பசேல்னு இருக்கணுமாம். இங்க ஸ்க்ரீன்ல போட்டிருக்கு.

பின்லாந்து: அதான்... உருகின பனி. உருகி, பச்சையா... எங்க ஜன்னல்ல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

ஜெனீவா: 'பச்சை'ன்னு போட்டுக்கறேன்.

பின்லாந்து: போட்டுக்கங்க. நல்ல மனசு மேடம் உங்களுக்கு.

ஜெனீவா: மனசெல்லாம் இல்ல சார். இந்த ஒரு பேட்டி முடிஞ்சாத்தான் எனக்கு வேலை நிரந்தரம். பின்லாந்து மட்டும் காலியாவே கிடக்கு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நிரப்பலேன்னா நாளையில இருந்து வரவேண்டாம்னு... சே!

பின்லாந்து: சே!

ஜெனீவா: நீங்க ஏன் சார் 'சே'ன்னீங்க?

பின்லாந்து: நீங்க சொன்னீங்களேன்னு சும்மா... கூடச் சேந்து. நீங்க ஏன் சொன்னீங்க?

ஜெனீவா: கரண்ட்... இல்ல, காகிதம் பறந்துடுச்சு.

பின்லாந்து: ஃபேன் நின்னா காகிதம் பறக்காதே மேடம்.

ஜெனீவா: ஃபேன் நின்னதா நான் சொன்னேனா?

பின்லாந்து: ...இல்ல. ஆ, வந்துடுச்சு.

ஜெனீவா: ஆமா. வந்துடுச்சு. சர்வர்கூட மறுபடி ஓடுது.

பின்லாந்து: கேக்குது.

ஜெனீவா: இன்னும் கொஞ்சம்தான் சார். முடிச்சிடலாம். எனக்கு முடிஞ்சாகணும், புரியுதா? நீங்க பொறந்த நாடு. ஒரே வார்த்தை.

பின்லாந்து: ஏர்போர்ட்.

ஜெனீவா: நாட்டைக் கேட்டா ஏர்போர்ட்டுங்கறீங்க?

பின்லாந்து: எங்க தெருவுல யாரு வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேச்சுதான் மேடம். அவன் எப்ப கிளம்புறான், இவனுக்கு எப்ப பேப்பர் வருதுன்னு. வாசல்ல உக்காந்து காத்துக்கிட்டே இருக்கிற இடமாயிடுச்சு. அதுக்குப் பேரு ஏர்போர்ட்தானே?

ஜெனீவா: ஆனா நீங்க கிளம்பிட்டீங்க.

பின்லாந்து: கிளம்பினேன். அம்மா, சித்தி, மாமான்னு ஒரு பட்டாளமே வழியனுப்ப வந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அம்மா கையாட்டிக்கிட்டே இருந்தாங்க. நானும் ஆட்டினேன்.

ஜெனீவா: அப்புறம்?

பின்லாந்து: அப்புறம்... பின்லாந்து.

ஜெனீவா: நடுவுல ஏதோ விட்டுட்டீங்க சார்.

பின்லாந்து: நடுவுல ஒரு ஆபீசர் மேடம். ஏஜென்ட் கொடுத்த பேப்பரைப் புரட்டிப் பாத்துட்டு அந்த ஆளு சிரிச்சாரு. கோவப்பட்டுக் கத்தியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, அவரும் சிரிச்சாரு. ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அவன் எப்பவோ கம்பி நீட்டிட்டான். திரும்பிப் பாக்கறேன்... அம்மா இன்னும் கையாட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

ஜெனீவா: ஐயோ.

பின்லாந்து: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளியில போறது? அவங்க கிளம்பற வரைக்கும் பாத்ரூம்ல போய் உக்காந்துகிட்டேன். அங்க இருந்துதான் 'பிளைட் ஏறிட்டேம்மா'ன்னு மெசேஜ் போட்டேன். அதுக்கு அப்புறம் பின்லாந்துல இறங்கித்தானே ஆகணும்!

ஜெனீவா: ...சார், இதை நான் பதிவு பண்ணணுமா?

பின்லாந்து: பண்ணினா என்ன ஆகும்?

ஜெனீவா: நீங்க பின்லாந்து கிடையாது. பேட்டி செல்லாது.

பின்லாந்து: பொறந்த நாட்டுலயே இருக்கிற ஆளுன்னு சேத்துக்கங்களேன். அதுவும் ஒரு கருத்துதானே?

ஜெனீவா: அது எப்பவோ நிரம்பிடுச்சு சார். இங்கயே இருக்கிறவங்க கருத்து போதும் போதும்னு மேல சொல்லிட்டாங்க.

பின்லாந்து: அட கடவுளே, இங்க இருக்கறதுக்கும் இடம் இல்லையா!

ஜெனீவா: சிரிக்க வைக்காதீங்க சார், எனக்கு அழுகையா வருது.

பின்லாந்து: எதுக்கு மேடம் அழறீங்க? பின்லாந்துன்னே இருக்கட்டும். நான் சொன்னது எதுவும் உங்க காதுல விழல. 'ரொம்ப சந்தோஷமா இருக்கான்'னு போட்டு முடிச்சிடுங்க. ஒருத்தருக்காவது வேலை நிலைக்கட்டும்.

ஜெனீவா: ...கடைசிக் கேள்வி. 'நீங்க இருக்கிற இடத்துக்கு வர ஆசைப்படுற இளைஞர்களுக்கு என்ன சொல்வீங்க?'

பின்லாந்து: வரட்டும்னு சொல்லுங்க. ஆனா வந்து சேந்த பிறகு வீட்டுக்குச் சொல்லச் சொல்லுங்க. மேடம்... ஒரு நிமிஷம் அந்த ஜன்னலைத் திறந்து பாருங்களேன்.

ஜெனீவா: எதுக்கு?

பின்லாந்து: உங்க ஜெனீவா ஏரி வழியுது. வழிஞ்சு வந்து என் பின்லாந்துப் பனியெல்லாம் நனைஞ்சு போச்சு. சர்வரை நிறுத்துங்க மேடம். டேங்க் நிரம்பி ரொம்ப நேரமாச்சு.

மூணாவது மாடி: ...நிறுத்திட்டேன்.

ரெண்டாவது மாடி: இப்பத்தான் நின்னுச்சு. பால்கனி பூரா தண்ணி.

மூணாவது மாடி: எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?

ரெண்டாவது மாடி: லிங்கைத் தொடுறதுக்கு முன்னாடியே. தினமும் காலையில பால்கனியில நின்னுதானே பேசுறீங்க, 'வணக்கம், ஜெனீவாவிலிருந்து பேசுகிறேன்'னு. இந்த ரெண்டு மாசமா எனக்கு அலாரமே அதான்.

மூணாவது மாடி: அப்ப இவ்வளவு நேரம் எதுக்கு என்கிட்டக் கதை விட்டீங்க? காதுல பூ சுத்துறதுக்கு நான்தான் கிடைச்சேனா?

ரெண்டாவது மாடி: கோச்சுக்காதீங்க. ஊர் உலகத்துல இருக்கிறவங்களையெல்லாம் கூப்பிட்டு 'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு கேக்கறீங்க. கீழே, கப்பல்ல இருக்கிற ஃப்ரெண்டு வீட்டுல, ஒருத்தன் விளக்கைக்கூடப் போடாம உக்காந்திருக்கேன், என்னை யாரும் கேக்கல. பின்லாந்துன்னு சொன்னாத்தானே கேப்பீங்க?

மூணாவது மாடி: ...ம்.

ரெண்டாவது மாடி: உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

மூணாவது மாடி: நாய் குரைச்சப்போ சந்தேகம். கப்பல்னதும் பாதி. கரண்ட் போனப்போ முழுசா.

ரெண்டாவது மாடி: அப்ப ஏன் நிறுத்தல?

மூணாவது மாடி: எனக்குப் பின்லாந்து வேணுமே! நீங்க மட்டும்தான் கெட்டிக்காரர்னு நெனச்சுக்கிட்டீங்களா? ஆமா, அந்த வெள்ளைப் போர்வை உங்களோடதா? 'ரெண்டாவது மாடியில துணி காய்ஞ்சுகிட்டே இருக்கு, யாராவது சொல்லுங்க'ன்னு பில்டிங் குரூப்ல நான்தான் எழுதினேன். லிங்கையும் அங்கதான் போட்டேன்.

ரெண்டாவது மாடி: துணி இல்லீங்க அது. அம்மாவுக்குக் காட்டுற பனி. வீடியோ கால்னா அது எனக்குப் பின்னாடி ஜன்னல்ல தெரியணும்... பாருங்க, மறுபடி அடிக்கிறாங்க.

மூணாவது மாடி: எடுங்க.

ரெண்டாவது மாடி: எப்படி எடுக்கறது? பனி சொட்டச் சொட்டத் தொங்குது.

மூணாவது மாடி: அப்படியே எடுங்க.

ரெண்டாவது மாடி: எடுத்துச் சொல்லிட்டா நான் பின்லாந்துல இல்லேன்னு ஆயிடும். உங்க பேட்டி?

மூணாவது மாடி: அழிச்சிட்டேன்.

ரெண்டாவது மாடி: என்னது!

மூணாவது மாடி: 'ரொம்ப சந்தோஷமா இருக்கான்'னு டைப் அடிச்சுப் பாத்தேன். கை வரல. அழிச்சிட்டேன். இனிமே நானும் ஜெனீவா இல்ல, போதுமா? எடுங்க, கட் ஆயிடப்போகுது.

ரெண்டாவது மாடி: நீங்க லைன்லயே இருங்க. தனியா முடியாது.

மூணாவது மாடி: இருக்கேன். மேல பால்கனியிலயும் இருக்கேன். எடுங்க.

ரெண்டாவது மாடி: ...ஹலோ, அம்மா.

அம்மா: ஏன்டா, எத்தனை தடவை அடிக்கிறது? என்ன இது, சட்டையோட நிக்கிற? ஸ்வெட்டர் எங்க?

ரெண்டாவது மாடி: கழட்டிட்டேம்மா. வேர்க்குது. அம்மா... நான் பின்லாந்துல இல்லம்மா. நான் போகவே இல்ல.

அம்மா: தெரியும்டா. பனியில துணி கிளிப்பு மாட்டியிருந்துச்சே, அன்னிக்கே தெரியும். நீயா சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு, 'என் பையனால அங்க குளிர் தாங்க முடியல'ன்னு நானும் தெருவெல்லாம் அளந்துக்கிட்டுத் திரியறேன்... இனிமே சொல்றதுக்கு என்கிட்டப் பொய் இல்லடா. அந்தப் பனியைப் பிழிஞ்சு காயப் போட்டுட்டு, வீடு வந்து சேரு.